இரண்டு தடவை வைத்த மருதாணி

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் விரல்களில் மருதாணி சிவந்திருந்தது. பண்டிகை இல்லை, கல்யாணம் இல்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவள் அம்மா. மிட்டாயில் வாசம் ஏறும் என்று பொங்கலுக்குக்கூட மருதாணி தொடமாட்டாள்.

நான் இடது மோதிரவிரலைத்தான் பார்த்தேன். அந்த நகத்தில் மட்டும் இரண்டு தடவை அப்பியதுபோல் கறுத்திருந்தது.

மீள்கலத்தில் ஏறி ஒரு நாள் பின்னால் போனவர்களுக்கு அந்த நகம் நீலமாகிவிடும். சாகும்வரை போகாது. பதினைந்து வயது முடிந்தவர்களுக்கு ஆயுளில் ஒரே ஒரு மீள்வு. அதுவும் ஒரு நாள்தான், அதற்கு மேல் பின்னால் போக முடியாது. அழிந்துபோன நாள் போனவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எதற்குப் போனாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. அது மரியாதை இல்லை.

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா திருத்தியது என்னைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும்.

யோசிக்க யோசிக்க எல்லாமே சரியாகப் பொருந்தியது. திங்கள் இரவு, கணக்கில் முப்பத்தொன்று வாங்கியதற்கு அவள் திட்டவில்லை. அவளைக் குத்த நானே ஆரம்பித்தேன்: "அப்பா லாரியில அடிபட்டன்னைக்கு நீ ஏன் மீளல? ஒரு மீள்வு இருந்துச்சுல்ல?" வேறு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். அவளோ இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னொரு தோசை வைக்கட்டாட்டி?" என்றாள். மறுநாள் பள்ளிக்கூட வாசல்வரை என் மணிக்கட்டை விடவில்லை.

அந்த அழிந்த நாளில் நான் செத்திருக்கிறேன். பஸ்ஸா, கிணறா? அந்தச் சாவு இன்னும் என்னைத் தேடுகிறதா?

புதன் இரவு அம்மாவை எழுப்பினேன்.

"நிசமாச் சொல்லும்மா. எனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. படு ஆவுடை."

"செத்துப் போயிட்டேனா?"

"வாயக் கழுவு."

அவள் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் அவள் இளகினாள்.

"நீ சாகலட்டி. நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன். அத எடுக்கத்தான் போனேன்."

"என்ன வார்த்த?"

"அதச் சொல்லிட்டா நான் போனதுக்கே அர்த்தம் இல்ல."

"சொல்லலேன்னா நான் செத்துட்டேன்னுதான் நெனப்பேன்."

அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்கப்பா போன அன்னைக்கு உனக்குக் காய்ச்சல்ல ஜன்னி கண்டுருச்சு. உன்ன மடியில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். ஒரு நாள் கெடு முடிஞ்சு போச்சு. உனக்கு அந்தக் காய்ச்சல் வராம இருந்திருந்தா அவர மீட்டிருப்பேன்னு, அழிஞ்சுபோன அந்தத் திங்கக்கிழம ராத்திரி கோவத்துல சொல்லிட்டேன்."

"அதக் கேட்டு நான் என்ன செஞ்சேன்?"

"ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்த. காலைல வந்து, 'காய்ச்சல் வந்ததுக்கு மன்னிச்சிரும்மா'ன்ன. அதத்தான் என்னால தாங்க முடியல."

அதே மன்னிப்பைக் கேட்க வாயெடுத்து நிறுத்தினேன். அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு இனி மீள்வு கிடையாது. பதினைந்து முடிந்த எனக்கு ஒன்று மிச்சமிருந்தது.

விடிந்ததும் ஸ்கூல் பையோடு தாலுகா ஆபீஸுக்குப் பின்னாலிருக்கும் மீள்கலத்துக்குப் போனேன். கண் திறந்தபோது மறுபடியும் புதன்கிழமை காலை. அம்மா வேலைக்குக் கிளம்பியிருந்தாள். ஃபிரிட்ஜில் அவள் அரைத்த மருதாணி ஒரு கிண்ணம் மீதி இருந்தது. பத்து விரலுக்கும் வைத்தேன், நீல நகத்துக்கு மட்டும் இரண்டு தடவை.

சாயங்காலம் அவள் வந்ததிலிருந்து நான் எதையும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவினேன். அவள் கால் வலிக்கிறது என்றதும் பிடித்துவிட்டேன். அவள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ராத்திரி மணி இரண்டு. அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் இடது கை அவள் கையில் இருக்கிறது. கறுத்த நகத்தை அவள் கட்டைவிரல் தேய்த்துப் பார்க்கிறது.

"நிசமாச் சொல்லு ஆவுடை," என்கிறாள். "எனக்கு என்ன ஆச்சு?"