இரண்டாவது தளம்

எதிர்க் கட்டட ஜன்னலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை வயரால் இறுக்கிக்கொண்டிருந்தான்.

யெசேனியாவின் கையிலிருந்த காபிக் கோப்பை நழுவி விழுந்து உடைந்தது.

ஸ்பெயினில் உள்ள சலமாங்காவுக்குச் சட்டம் படிக்க வந்து ஒரு வாரம். ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கல்லெல்லாம் தேன் நிறம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. அதன்பின் ஊரே ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டுச் செத்தது போல் தூங்கும்.

இப்போதும் தூங்கியது. எதிரே அந்த ஒரு ஜன்னலில் மட்டும் திரை ஏறியிருந்தது.

போனை எடுத்துப் போலீசை அழைத்தாள்.

"கொலை பண்றான் சார்... மொலினோ சந்து, எட்டாம் நம்பர் கட்டடம்..."

"எந்தத் தளம்மா?"

"ரெண்டாவது தளம்."

"உன் பேச்சே ஒரு தினுசா இருக்கே. எந்த ஊரு?"

"பெரு. அதுவா சார் இப்ப முக்கியம்? அவ செத்துடுவா..."

"வண்டி கிளம்பியாச்சு. போனை வை."

பெருவிலும் ஸ்பானிஷ், இங்கேயும் ஸ்பானிஷ். மொழித் தொல்லை இருக்காது என்றுதான் அம்மா விமானம் ஏற்றி அனுப்பியிருந்தாள்.

சைரன் அலறியது. போலீசார் எதிர்க் கட்டடத்துக்குள் பாய்ந்தார்கள்.

அந்தப் பெண்ணின் கால்கள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. யெசேனியாவுக்கு மூச்சு வந்தது.

மறுநிமிடம் போலீஸ் தொப்பிகள் தெரிந்தன...

அதற்கும் மேலே உள்ள ஜன்னலில்!

பைஜாமா அணிந்த ஒரு கிழவர், தூக்கக் கலக்கத்தில் அவர்களைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டிருந்தார்.

யெசேனியா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"அங்க இல்ல... கீழ... கீழ பாருங்க..."

கொலைகாரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சாவகாசமாக. வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

கால்களின் உதைப்பு நின்றிருந்தது.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, பிணத்தின் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஒலெகாரியோ நின்றிருந்தார். பருத்த மனிதர்.

"ரெண்டாவது தளம்னு சொன்ன புண்ணியவதி நீதானா?"

"இது ரெண்டாவதுதானே சார்? தெருவோட இருக்கறது ஒண்ணு... இது ரெண்டு."

"அது உங்க பெருவுல. இங்க தெருவோட இருக்கறதைக் கணக்குலயே சேர்க்க மாட்டோம். இது முதல் தளம்."

ஒலெகாரியோ விரலால் மேற்கூரையைக் காட்டினார்.

"நாங்க மேல அந்தப் பெரியவரோட கட்டிலுக்கு அடியில தேடிட்டிருக்கோம். அவன் வாசல்ல நின்ன என் ஆளுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"நான் சரியா சொல்லியிருந்தா..."

"பொழைச்சிருப்பா."

அவர் எதையும் மென்று விழுங்கும் ஆள் இல்லை.

"சார், அவன் என் மூஞ்சியைப் பார்த்துட்டான்."

"ஓடறவனுக்கு உன் மூஞ்சி எதுக்கும்மா? போய்க் கதவைப் பூட்டிக்கிட்டு உட்காரு. இந்தா என் நம்பர். வாக்குமூலம், விலாசம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

வீட்டுக்காரி புரிபிகசியோன் சீட்டாடப் போயிருந்தாள். யெசேனியா கதவைப் பூட்டினாள். பெட்டியை இழுத்துத் துணிகளை அள்ளிப் போட்டாள். படிப்பு போதும். ஊர் போதும்.

கதவு தட்டப்பட்டது.

கதவுத் துளையில் கண்ணை வைத்தாள்.

அவன்.

"சார்... அவன் வந்துட்டான்... கதவை உடைக்கிறான்..."

"பயப்படாதே. சந்துலதான் இருக்கேன். எந்தக் கட்டடம்?"

"எதிர்ல... பதினொண்ணு."

"தளம்?"

இந்த முறை தப்பக் கூடாது. தெருவோடு இருப்பதை விட்டுவிட்டு, இந்த ஊர்க் கணக்கில் எண்ணினாள். ஒன்று... இரண்டு.

"ரெண்டாவது தளம் சார். ரெண்டாவது."

பூட்டு தெறித்தது. போன் தரையில் உருண்டது. கத்த வாயைத் திறப்பதற்குள் வயர் கழுத்தில் விழுந்தது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்... ஏறியது... நெருங்கியது...

நின்றுவிட்டது.

ஒரு தளம் கீழே யாரோ வீட்டின் அழைப்பு மணி விடாமல் ஒலித்தது. ஒரு கான்ஸ்டபிளின் குரல், "சார், ரெண்டாவதுன்னு சொன்னீங்க. இது முதல் தளம்."

ஒலெகாரியோ பெருமையாகச் சிரிப்பது அவளுக்குக் கடைசியாகக் கேட்டது.

"அவ பெருக்காரிடா. ரெண்டுன்னா ஒண்ணுன்னு அர்த்தம். ஒரு தடவை பட்டோமே, போதாதா?"