விலை இறங்கிய வீடு

விடிந்தும் விடியாததுமாக அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சண்டை. கொழுந்து பறிக்கக் கிளம்பிய வேலாயியை வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றான் மகன் லிங்கேஸ்வரன். கையில் பேங்க் கடிதம்.

"நாம வாங்கப் பாக்குற பக்கம் வீட்டு வெல எறங்கிப்போச்சாம். முன்பணம் பத்து பர்சென்ட் பத்தாது, இருபது கட்டுன்றான். நான் சேத்து வச்சிருக்குறதே பத்துதான்."

"வெல எறங்கினா முன்பணமும் எறங்கணும்தானேப்பா?"

"இன்னும் எறங்கினா அவன் குடுத்த கடனுக்கு வீடு ஈடாகாதுலா. அதான் நம்ம கைக்காச கூட கேக்குறான். போன வருஷம் பத்துதான். அப்ப ஒன் இபிஎப் சேமிப்புக் காசக் கேட்டேன், இல்லேன்னுட்ட. அடுத்த மாசம் ஒனக்கு வேலை முடியுது, எஸ்டேட்டு இந்த வீட்டையும் எடுத்துக்கும். பாப்பாவத் தூக்கிக்கிட்டு எங்க போறது? என் மச்சானப் பாரு, தன் தங்கச்சி பிரசவத்துக்கு மொத்த பில்லையும் கட்டுனாரு. அவரு மனுசன்."

வேலாயிக்கு அது ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பேச்சு. குழந்தையோடு அடுப்படியில் நின்ற மருமகள் யோகேஸ்வரிக்குத்தான் அன்று பொறுக்கவில்லை.

"போதுங்க... எங்கண்ணன் ஒரு காசு குடுக்கல. தரேன்னு சொல்லிட்டு போனையே எடுக்கல. ஏழாம் மாசத்துல பொறந்து இவ கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தப்ப, அத்தைதான் இபிஎப்ப மொத்தமா எடுத்துக் கட்டுனாங்க. எங்க வீட்டு மானம் போயிரும், சொல்லாதீங்கன்னு நான்தான் அவங்க கால்ல விழுந்தேன்."

லிங்கேஸ்வரன் அப்படியே தாயின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்மா... நான் பேசுனதெல்லாம் வாங்கிக்கிட்டு..."

"அவளுக்கு வாக்கு குடுத்திருந்தேன். வலிக்கலன்னு நெனைக்காத. ரொம்ப வலிச்சிச்சு." வேலாயி மகனின் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மூவரும் அழுதார்கள்.

"வீடே வேணாம்மா. இன்னிக்கு நீ மலைக்குப் போகாத."

"போகாம? பேரு செக்ரோல் பதிவேட்டுல இருக்குற வரைக்கும்தான் இந்த வீடு நமக்கு. இன்னும் ரெண்டு வருஷம் வேலை வேணும்னு போன வாரமே ஆபீஸ் கணக்குப் பாக்குற கிராணிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். துரையும் கையெழுத்துப் போட்டுட்டாரு. அதுக்குள்ள மீதிப் பத்தையும் நீ சேத்துரு."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கூடையை எடுத்தவள், ஒரு கணம் தயங்கி, அதை அவன் கையில் கொடுத்தாள்.

"மேடு வரைக்கும் தூக்கிட்டு வாப்பா. முட்டி முடியல."