வலம் நிறைவு, பிழை இல்லை

மேட்டுத்துறையில் காலை ஆறு மணிக்கு முதல் வலம் தொடங்கும். ஒன்றாம் எண் வீட்டின் குளிர்சுவர் முதலில் திறந்து அறைக்குள் குளிரை இறக்கும், பிறகு இரண்டு, பிறகு மூன்று. கடல் விழுங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டிய நகரம் இது. மொத்தம் நாலாயிரத்து இருநூற்று ஆறு வீடுகள். வெயில் ஐம்பது டிகிரியைத் தொடும் நாட்களில் எல்லாச் சுவர்களையும் ஒரே நொடியில் திறந்தால் மின்கட்டம் படுத்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு வீடு. தரவுத்தளத்தில் நடைச்சுட்டி என்றொரு நிரல் இந்த வேலையைச் செய்கிறது. பழைய ஆட்கள் கர்சர் என்பார்கள். பட்டியலில் ஒரு வீட்டை எடுக்கும், குடும்பத் தலைவரின் உடல்பதிவைப் பார்த்து எவ்வளவு குளிர் வேண்டும் என்று முடிவு செய்யும், சுவரைத் திறக்கும், அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு நாளைக்கு மூன்று வலம். முடிந்ததும் என் திரையில் ஒரு வரி விழும்: வலம் நிறைவு, பிழை இல்லை.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே ஆறு வருடம் நிம்மதியாகக் காபி குடித்திருக்கிறேன். நடைச்சுட்டியை எழுதியவளே நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா மோத்தா அலுவலகத்துக்கு வந்தார். தொடர்ந்து பதினோராவது நாள். கடைசித் தெருவில் 4117ஆம் எண் வீடு. கணவர் சவரிமுத்து பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்.

“மேடம், இன்னைக்கும் சுவர் தெறக்கல. அவிய மூச்சு வாங்க மாட்டாமக் கெடக்காவ.”

பத்து நாளும் சொன்ன பதிலையே சொன்னேன். “பதிவுல பிழை இல்லைன்னு இருக்கும்மா. உங்க சுவர்லதான் கோளாறு. பழுது பாக்குறவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“எழுதிக் குடுத்து எழுதிக் குடுத்துக் கை வலிக்கி. எங்க தெருவுலயும் முன் தெருவுலயும் நூத்திச் சொச்சம் வீடு. அம்புட்டுச் சுவரும் ஒரே நாள்லயா கெட்டுப் போவும்? நடக்க முடிஞ்சவுக சுரங்கப்பாதையில போயிப் படுத்துக்கிடுதாவ. இவியள நான் எங்க தூக்கிட்டுப் போவேன்? முதத் தெருவுல கதவத் தட்டுனேன். ஒருத்தரும் தெறக்கல. உங்க மெஷினு சொன்னா நம்புதிய, மனுசி சொன்னா நம்ப மாட்டியளா?”

பக்கத்து மேசையில் யாரோ, “கடைசித் தெருக்காரங்களுக்கு இதே பொழப்பு” என்று முணுமுணுத்தார்கள். பத்து நாளாக என் மனதிலும் அதுதான் ஓடியது என்பதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் போன பிறகுதான் முதல் முறையாக, நிறைவு என்ற சொல்லை நம்பாமல், திறந்த சுவர்களை எண்ணிப் பார்த்தேன். நாலாயிரத்து முப்பது. அதோடு சரி. மீதி நூற்று எழுபத்தாறு வீடுகளை நடைச்சுட்டி தொடவே இல்லை.

4031ஆம் எண் வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தேன். அந்த வீட்டின் தலைவர் கஸ்பார் பன்னிரண்டு நாட்களுக்கு முன் இறந்திருக்கிறார். ஒருவர் இறந்தால் அன்று மாலையே அவருடைய உடல்பதிவு காப்பகத்துக்குப் போய்விடும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டுப் பட்டியலிலிருந்து பெயரை அடிக்க மாட்டார்கள். எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் எழுத்தர்கள் செத்தவருக்குக் காட்டும் மரியாதை அது. இதுவரை இறந்தவர்களெல்லாம் கூட்டுக் குடும்பத்தினர். தலைமை அன்றே மகனுக்கோ மகளுக்கோ மாறிவிடும். கஸ்பார் தனியாள். அதனால் வீடு பட்டியலில் இருந்தது, உடல்பதிவு இல்லை.

என் நிரலுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றே ஒன்று: ‘இனி இல்லை.’ பட்டியல் தீர்ந்தாலும் அந்த அடையாளம்தான் எழும், நடுவில் தேடிய ஒரு பதிவு கிடைக்காவிட்டாலும் அதுவேதான் எழும். கஸ்பாரின் பதிவைத் தேடியது, கிடைக்கவில்லை, உலகத்தில் இனி வீடே இல்லை என்று முடிவு கட்டி நடைச்சுட்டி கதவைச் சாத்திக்கொண்டது. போகிற போக்கில் பிழை இல்லை என்றும் எழுதிவிட்டுப் போனது. முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடச் செய்யக்கூடாத தப்பு.

திருத்தம் பத்து வரிதான். அடுத்த வீட்டை எடுத்த கையோடு, அங்கே மட்டும், பட்டியல் தீர்ந்ததா என்று கேட்க வேண்டும். உடல்பதிவுத் தேடலுக்குத் தனி அடையாளம் வேண்டும்; பதிவு இல்லையென்றால் பொது அளவில் சுவரைத் திறந்துவிட்டு நகர வேண்டும். கடைசியில் போன வீடுகளை மொத்த வீடுகளோடு ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் ஊரைக் கூட்ட வேண்டும். ஒன்பதரை மணிக்கு எழுதி முடித்துக் கோட்ட அதிகாரி நெல்லையப்பன் முன்னால் வைத்தேன்.

“மங்களேஸ்வரி, நிரல்ல கை வைக்கணும்னா குழு கூடணும். அடுத்த கூட்டம் இருபதாம் தேதி.”

“சார், அங்க ஆள் செத்துக்கிட்டிருக்காங்க.”

“அவசரம்னு கையெழுத்துப் போட்டா, பதினோரு நாள் தப்பு நடந்திருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கொஞ்சம் நிதானமா யோசிங்க.”

நிதானமாக யோசித்தேன். நிரலைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பட்டியலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று சொல்ல அதிகாரம் உண்டு. அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். நண்பகல் வலத்துக்கு வரிசையைத் தலைகீழாக்கினேன். கடைசி வீடு முதலில், முதல் வீடு கடைசியில்.

பன்னிரண்டு மணிக்கு நடைச்சுட்டி 4206இல் தொடங்கி, வழக்கம்போல் கஸ்பார் வீட்டில் நின்றது. வலம் நிறைவு, பிழை இல்லை. கடைசி இரண்டு தெருக்களில் குளிர் இறங்கியது. மீதி நாலாயிரத்து முப்பது வீடுகளில் சுவர் செத்துக் கிடந்தது, அதிகாரிகள் குடியிருக்கும் முதல் தெரு உட்பட. ஒரு பாவமும் அறியாதவர்கள் அவற்றில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தெரிந்தேதான் செய்தேன்.

பதினெட்டாவது நிமிடம் அனுமதி வந்தது. குழு கூடவில்லை, இருபதாம் தேதி வரவில்லை, யாருக்கும் நிதானம் தேவைப்படவில்லை. புதிய நிரலை ஏற்றினேன். நாலாயிரத்து இருநூற்று ஆறு வீடும் திறந்தன. சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல். அப்புறம்தான் 4117இலிருந்து அழைப்பு வந்தது. சவரிமுத்து பதினோரு மணிக்கே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து அந்த வீட்டுச் சுவர் குளிர்ந்திருக்கிறது.

மாலையில் போனேன். தெரு முழுக்க வாசலில் நின்றது. என்ன நடந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன், எழுதியவள் நான் என்பதையும் சேர்த்து. ஒரு ஆள் என் சட்டையைப் பிடிக்க வந்தார். ஜெசிந்தா அவரைத் தடுத்தார்.

“அடிச்சா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். விட்டுப்போன வீடு எத்தன?”

“நூத்தி எழுபத்தாறு.”

“பேரு இருக்கா?”

“இருக்கு.”

“வாசிங்க. சத்தமா. ஒண்ணு விடாம வாசிங்க. நீங்க எங்கள விட்டுட்டுப் போனிய, நாங்க இருந்தோம்னு உங்க வாயாலயே சொல்லணும்.”

கஸ்பாரிலிருந்து தொடங்கினேன். அவரைத் தாண்டியதும் ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் யாராவது “இருக்கேன்” என்றார்கள், அல்லது “ஆஸ்பத்திரியில” என்றார்கள். எண்பத்தாறு பெயர்கள் வாசித்தேன். அடுத்த வரியில் சவரிமுத்து மோத்தா என்று இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. காகிதத்தை மடித்தேன்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக் காகிதத்தைத் திரும்ப விரித்தார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“ஆள் இல்லன்னதும் நின்னுருவியளோ? இன்னும் எம்பத்தொம்பது வீடு இருக்கு. அடுத்த பேரச் சொல்லுங்க.”