பதினேழுக்குப் பதினாலில் ஒரு கொலை

பிணத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது.

பிணங்களுக்கு போன் எடுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"ஹலோ..."

"தம்பி, எத்தனை தடவைப்பா அடிக்கறது? கேமரா கனெக்ட் ஆயிடுச்சுங்குது. பச்சை விளக்கு எரியுது. படம் மட்டும் அமாவாசை மாதிரி இருக்கு. அடுத்த மேட்ச் ஆரம்பிக்கப் போறாங்க. வந்து பாத்துட்டுப் போப்பா."

"அவரால வர முடியாது."

"ஏன், காலைல திட்டினதுக்குக் கோவமா?"

"இல்ல. செத்துட்டாரு."

மறுமுனையில் போன் கை நழுவி மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

"நீங்க எங்கேயும் போகாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நானே வர்றேன்."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

அந்த இன்ஸ்பெக்டரின் கொட்டாவி, காவல் துறையில் பிரசித்தம். ஒரு முறை விசாரணை அறையில் அவர் விட்ட கொட்டாவியில் எதிரே இருந்த கைதி தூங்கி விழுந்து, தூக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

இடம், ஓர் உள்ளரங்க இறகுப்பந்து மைதானத்தின் சாமான் அறை. கிழிந்த வலைகள், மடக்கு நாற்காலிகள், அட்டைப்பெட்டிகள். நடுவே குப்புறக் கிடந்தார் கேமராக்காரர். பின்மண்டையில் அடி. பக்கத்திலேயே வலை கட்டும் இரும்புக் கம்பம், முனையில் ரத்தத்தோடு. துடைப்பம் எடுக்க வந்த காவலாளி பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டிருந்தார்.

போன் செய்தவருக்குப் பெயர் புள்ளி. அவர் அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஆட்டத்தில் விழும் ஒவ்வொரு புள்ளியையும் லேப்டாப்பில் தட்டி ஏற்றுவது அவர் வேலை. அதனால் ஊர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஸ்கோர் மேஜைக்கு வந்தபோது புள்ளி எழுந்து நின்றார்.

"காலைல அவரை என்ன சொன்னீங்க?"

"சார்... அது ஒரு கோவத்துல..."

"என்ன சொன்னீங்கன்னுதான் கேட்டேன்."

"கேமரா மட்டும் வேலை செய்யலைன்னா மண்டையைப் பொளந்துடுவேன்னு..."

"பொளந்துதான் கிடக்கு."

"சார், நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. மேட்ச் முழுக்க இங்கதான் இருந்தேன். இதோ, என் மச்சானைக் கேளுங்க. பக்கத்துலயே உக்காந்திருந்தான்."

மச்சான் என்பது புள்ளியின் மனைவியின் தம்பி. ஜெயித்த ஆட்டக்காரனுக்கு அவன்தான் கோச். மேஜைக்கு ஒரு கை தூரத்தில் கோச் நாற்காலி.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"எழுந்து போனாரா?"

மச்சான் தரையைப் பார்த்தான். விசிலை விரலில் சுற்றினான்.

"போனாரு சார்."

புள்ளி மச்சான் பக்கம் திரும்பினார்.

"டேய்..."

"என்னை மன்னிச்சிடுங்க மச்சான். பொய் சொல்லச் சொல்லாதீங்க. ரெண்டாவது கேம்ல எழுந்து போனாரு சார். 'நீ கொஞ்சம் பாத்துக்கடா'ன்னாரு. திரும்பி வர்ற வரைக்கும் நான்தான் புள்ளி தட்டினேன்."

"டேய், உன்னை நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலில உக்கார வெச்சவன்டா. ஏன்டா இப்படிச் சொல்றே?"

விசில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அரங்கம் நிறைய ஜனம். ஆனால் ஷட்டில் பறக்கும்போது ஸ்கோர் மேஜையை எவன் பார்க்கிறான்? ஒரு சாட்சி கிடையாது.

அப்போது ஓடி வந்தாள் புள்ளியின் மனைவி. அவள் கோட்டு நடுவர். ஷட்டில் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்கிறவள். ஒரு கேம் பார்த்தால் ஒரு கேம் ஓய்வு, அங்கே அதுதான் முறை.

கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இவரு கொசு அடிச்சாக்கூட வருத்தப்படறவரு. என் தம்பி எதையோ தப்பாப் பாத்திருக்கான். கேமரா இருக்கே சார், அதுல இவரும் தெரிவாரு. போட்டுப் பாருங்க."

புள்ளியின் கண் நிறைந்தது. உலகத்தில் தனக்கென்று ஒரே ஒரு ஜீவன்...

"அது கறுப்பா இருக்கும்மா," என்றார் மெல்ல.

"இருந்தாலும் பாக்கட்டுங்க."

பார்த்தார்கள். ஆட்டம் முழுவதும் பதிவாகியிருந்தது, கன்னங்கரேலென்று. ஒரு மூலையில் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் யாரோ இறகுப்பந்து ஆடுவதுபோல.

"போச்சே..." என்று தலையில் கை வைத்தாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளைக் காட்டினார். "இவரைப் பாத்துக்க. நான் இன்னொரு தடவை அந்த ரூமைப் பாத்துட்டு வந்துடறேன். வந்ததும் ஜீப்புல ஏத்திடலாம்."

புள்ளி லேப்டாப்பையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று அரங்கமே சிரித்தது!

நிமிர்ந்தார்.

கேமரா படத்தைக் காட்டச் சுவரில் மாட்டியிருந்த ராட்சசத் திரையில், வீடு அகலத்துக்கு ஒரு வாய். உள்நாக்கு வரை தெரிகிறது. கீழே, 21–19.

இன்ஸ்பெக்டரின் கொட்டாவி.

சாமான் அறையில் அவர் துழாவும்போது ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு புதுக் கேமரா. அதன் வயர் பெட்டியின் ஓட்டை வழியே சுவருக்குப் போயிருந்தது. கண் விழித்தபடி, இருட்டில் கிடந்திருக்கிறது அது.

காவலாளி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

"என்னய்யா இது?"

புள்ளி பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மைதானத்துத் தூணில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

"சார், ஒவ்வொரு கேமராவுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் உண்டு. அதை இந்த சாஃப்ட்வேர்ல தட்டினா அந்தக் கேமரா படம் வரும். புதுசா வர்றதெல்லாம் ஒரே நம்பரோடதான் வரும். நாமதான் மாத்தணும். கேமராக்காரத் தம்பி மைதானத்துல ஒண்ணு, டெஸ்டுக்குப் பெட்டிலயே ஒண்ணுன்னு ரெண்டையும் மாத்தாம மாட்டிட்டான். நானும் பெட்டி மேல அச்சடிச்சிருந்த நம்பரைப் பாத்து அப்படியே தட்டிட்டேன்."

"அதாவது..."

"நான் மைதானத்தைக் கூப்பிட்டேன். பெட்டிக்குள்ள இருந்தது 'உள்ளேன் ஐயா'ன்னுடுச்சு."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட வாய் திறந்து, விடாமல் மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

"அப்ப மேட்ச் நடக்கறப்போ இது பதிவு பண்ணினது அந்த ரூமைத்தானா?"

"பெட்டி மூடியிருந்ததே சார்," என்றான் மச்சான் அவசரமாக. "கறுப்புல என்ன தெரியும்? மூடுங்க அதை." கை லேப்டாப்பின் வயருக்குப் போனது.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்தார்.

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. கேக்கலாம்ல? கேமராவுக்கு மைக் உண்டா?"

"உண்டு சார்," என்றார் புள்ளி. "ஆனா லேப்டாப்ல சவுண்டை நான் வெக்கறதே இல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் டிங் டிங்னு கத்தும். நடுவர் முறைப்பாரு."

"இப்ப வை."

வைத்தார். பதிவை ஓட்டினார். இரண்டாவது கேம். 15–14... 16–14...

17–14.

கதவு திறக்கும் சத்தம்.

கேமராக்காரரின் குரல். *"உங்களுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். நேத்து மேட்ச்ல டெஸ்ட் பண்ண எடுத்த படத்தைப் பாத்தேன். ஷட்டில் கோட்டுக்கு ஒரு ஜாண் உள்ள விழுது. அவுட்டுனு கை நீட்டறீங்க. ஒரு தடவை இல்ல, எல்லாமே அந்த கோச்சோட ஆளுக்குச் சாதகமா. கமிட்டிகிட்ட காட்டத்தான் போறேன்."*

புள்ளி மச்சானை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அடுத்து, அவன் காசு கொடுத்து வளைத்த எவனோ ஒருவனின் குரல் வரும்...

வந்தது ஒரு பெண் குரல்.

*"என் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"*

*"தெரியாதுக்கா. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்... பாவம், நல்ல மனுஷன். சரி நகருங்க, இந்த வயரை..."*

இரும்பு உரசும் சத்தம். ஒரு 'தொப்'.

அப்புறம் நீண்ட மூச்சு. பிறகு அதே பெண் குரல், போனில், ரகசியமாக.

*"டேய் தம்பி, ஒண்ணும் பேசாதே, கேளு. முடிஞ்சு போச்சு. ...அழாதேடா. காலைல இவருதானே எல்லார் முன்னாடியும் மண்டையைப் பொளப்பேன்னு கத்தினாரு. அவரு எழுந்து போனாருன்னு சொல்லிடு. நான் அவர் பக்கம் பேசற மாதிரி பேசறேன். அவருக்கு சந்தேகமே வராது. என்னை சந்தேகப்படத் தெரியாதுடா அவருக்கு."*

18–14.

புள்ளியின் தோளில் இருந்த கை மெல்ல விலகியது.

அந்த இடம் மட்டும் சில்லென்று ஆனது அவருக்கு. ஜெயிலுக்குப் போகிறோம் என்ற பயம் சற்று முன்தான் போயிருந்தது. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பயமே தேவலை என்று தோன்றியது.

"என்னங்க..." என்றாள் மனைவி. "அது என் குரல் இல்லைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

புள்ளி அவள் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி கொண்டாந்து குடுப்பியே, ஒவ்வொரு மேட்ச் நடுவுலயும்," என்றார். "இன்னிக்கும் குடுத்தே. பத்தொன்பதுக்குப் பதினாறுல. கை கழுவிட்டுத்தான் குடுத்தியா?"

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

இன்ஸ்பெக்டர் தலையை அசைத்தார். அக்காவும் தம்பியும் நடந்தார்கள். கான்ஸ்டபிள் பின்னால் போனார். ஜனம் வழிவிட்டது. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

புள்ளி தூணில் ஏறி, மைதானத்துக் கேமராவின் நம்பரை மாற்றிவிட்டு இறங்கினார். திரையில் பச்சைத் தரை பளிச்சென்று விரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து 0–0 என்று தட்டினார். செய்வதற்கு வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

நடுவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"புள்ளி... இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா கோட்டுக்கு ஒரு ஆள் குறையுது. யாரைப் போடறது?"

புள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரை வேணா போடுங்க சார். எனக்குச் சொந்தமா மட்டும் இருக்க வேண்டாம்."