விமானம் கடக்கும் வரை

பண்டமாரானிலிருந்து லோரி கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. மெத்தையை நனையாமல் கொண்டுவந்து இறக்குவதற்குள் சந்திரகலாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. வாடகை வீட்டிலேயே தலை நரைத்துவிடும் என்று நினைத்திருந்தவளுக்குச் சொந்த வீடு. அதுவும் மாடி வைத்த மூலை வீடு, மூன்று பக்கமும் காற்று, பின்னால் துணி காயப்போட இடம். யாருக்குக் கிடைக்கும்?

அந்தப் புதுநகருக்கு பண்டார் ஸ்ரீ லாங்கிட் என்று பெயர் வைத்திருந்தார்கள். விமான நிலையத்தின் வேலியை ஒட்டி, எண்ணெய்க்காக வளர்த்த செம்பனைத் தோட்டம் ஒன்றை வழித்துத் துடைத்துவிட்டு எழுப்பிய ஊர். நுழைவாயிலில் கண்ணாடி வளைவு, நடுவில் செயற்கை ஏரி, ஏரியைச் சுற்றிக் காலையில் ஓடுவதற்குச் சிவப்புப் பாதை. தெருக்களுக்கெல்லாம் மேகத்தின் பெயரும் காற்றின் பெயரும். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குலை வெட்டியவர்களின் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை. அது எதற்கு என்று கேட்கிறவர்கள்தானே நகரம் கட்டுகிறார்கள்.

சந்திரகலாவின் கணவன் சிவநேசன் அந்தக் கட்டுமான நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசர். முதல் மரம் சாய்ந்த நாளிலிருந்து அங்கே வெயிலில் நின்றவன். அதற்காகவே நிறுவனம் அந்த வீட்டை அவனுக்குச் சலுகையில் ஒதுக்கிக் கொடுத்திருந்தது.

அங்கே குடிவந்தவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது யாரும் பேசமாட்டார்கள். பேசியும் பிரயோசனமில்லை, பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். விமானம் கடக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கடையிலும் அப்படித்தான், சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான்.

சந்திரகலாவுக்கு அந்த இரைச்சல் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மேரு என்ற ஊரில் ஆணி செய்யும் ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தவள். அங்கே காலையில் மெஷின் ஓடத் தொடங்கினால் மாலைவரை காதுக்கு வேலையே கிடையாது. பெண்கள் உதடுகளைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். யார் வீட்டில் சண்டை, யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், சூப்பர்வைசரின் தொப்பை எவ்வளவு முன்னால் வந்துவிட்டது, எல்லாமே உதட்டில்தான் போகும். பக்கத்து மெஷினில் நின்ற உஷாராணியோடு அவள் அப்படிப் பேசியது ஒரு ஆயுசுக்குக் காணும்.

பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் ஹாலில் நிறைந்திருந்தார்கள். உஷாராணி அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். சிவநேசன் நடுவில் நின்று, தூணில் எத்தனை கம்பி போட்டிருக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான். விமானம் வந்தது. வழக்கம்போல எல்லோரும் நிறுத்தினார்கள். கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

சிவநேசனின் உதடுகள் மட்டும் நிற்கவில்லை.

'கதவத் தொறங்க. உள்ள இருக்கேன்.'

வந்தவர்களில் யாரோ வாசலில் நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து சந்திரகலா போய்க் கதவைத் திறந்தாள். மழைதான் பெய்துகொண்டிருந்தது. பச்சைச் செம்பனையை இப்போதுதான் வெட்டியதுபோல ஒரு வாசனை, அதோடு டீசல் நாற்றம், முகத்தில் வந்து மோதியது.

"யாருங்க வந்திருக்கா?" என்று திரும்பிக் கேட்டாள்.

"யாரு?"

"நீங்கதானே கதவத் தொறக்கச் சொன்னீங்க."

"நான் வாயே தொறக்கல, கலா. பிளேன் போச்சு, சும்மாத்தானே நின்னேன்."

"புது வீட்டு மயக்கம் லா," என்று யாரோ சொல்ல, ஹாலே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

இரண்டாவது முறை அவர்கள் இருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விமானச் சத்தம் கூரையில் இறங்கியது. சிவநேசன் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கண்கள் சுவரில் குத்தி நின்றன. கண்ணில் ஆளே இல்லை. தாடை மட்டும் தனியாக அசைந்தது.

'காலு மாட்டிக்கிச்சு.'

சத்தம் கடந்தது. அவன் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்றான்.

அதன்பிறகு அவள் ஒவ்வொரு விமானத்துக்கும் அவன் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கொடுமை என்னவென்றால், அது அவன் பேசுகிற மாதிரியே இல்லை. அவன் உதட்டை அதிகம் விரிக்காமல் முணுமுணுப்பவன். இது வேறொருத்தி வாயை அகலத் திறந்து, உயிரைக் கொடுத்துக் கத்துகிற கத்தல்.

'மூச்சு முட்டுது.'

'அண்ணே, கையக் காட்டாதீங்க.'

'எம் பேரு தாமரை. நான் உள்ள இருக்கேன்.'

அன்று சாயங்காலம் அவள் டிவியை அணைத்தாள்.

"தாமரை யாருங்க?"

சிவநேசனின் முகம் வெளிறிப்போனது. மறுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான். பிளேன் போறப்பெல்லாம் நீங்கதான் சொல்றீங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் காலி செய்த பிறகும் தாமரை என்ற ஒருத்தி மட்டும் போகவில்லை. இந்த ஊரிலேயே வீடு தருவதாகச் சொன்னீர்களே, சாவியைக் கையில் கொடுங்கள், எழுந்து போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் அவள் வெளியே போன நேரம் பார்த்து, சிவநேசன் அவள் வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டான். அவள் பின்ஜன்னல் வழியாக உள்ளே ஏறியது அவனுக்குத் தெரியாது. மறுநாள் வீட்டை இடிக்கும் இயந்திரம் வந்து நின்றது. ஓட்டுபவன் இவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் கையைக் காட்டினான். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் விமானம்.

"அவ கத்துனது கேக்கல, கலா. சத்தியமாக் கேக்கல. பிளேன் சத்தம்."

சந்திரகலா அவனையே பார்த்தாள். கேட்காமல் விட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று பின்னாளில் எத்தனையோ முறை நினைத்தாள்.

"கேக்கல சரி. பாத்தீங்களா?"

அவன் டிவி ரிமோட்டை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"ஜன்னல்ல அவ மொகத்தப் பாத்தீங்களா?"

"வந்த வழியாவே ஓடிருவான்னு நெனச்சேன்," என்றான், சின்னக் குரலில். "மறுநா சேர்மன் வர்றாரு. அந்த ஒரு வீடுதான் பாக்கி."

ராவாங்கில் இருந்த தாமரையின் தங்கை சீதாலெட்சுமி தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். உங்கள் அக்கா யாரோடோ போய்விட்டாள் என்று இவன்தான் சொல்லி அனுப்பியிருக்கிறான். அழுதுகொண்டே போனாளாம். இடிந்த லயத்து வீட்டின்மேல் மண்ணைக் கொட்டி, நிரவி, ரோலர் ஓட்டி, வீடும் கட்டியாயிற்று.

"எந்த எடத்துல?" என்று கேட்டாள்.

சிவநேசன் தன் காலடியில் மின்னிய மார்பிள் தரையைப் பார்த்தான்.

"நானா கேக்கல இந்த வீட்ட. அவங்களாத்தான் குடுத்தாங்க."

அந்த நிமிடம் எழுந்து காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவன் போகத் தயாராகத்தான் இருந்தான். "சொல்லிரவா, கலா? சொல்லிட்டா விட்டுருவா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சந்திரகலா திரைச்சீலையைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். இவன் உள்ளே போனால் வீடும் போகும், மானமும் போகும், மறுபடியும் பண்டமாரானில் ஒற்றை அறை. செத்தவள் செத்துவிட்டாள் என்று அவள் மனம் சொன்னது. அப்படி ஒரு நினைப்பு தனக்குள் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"வாய மூடிக்கிட்டு இருங்க," என்றாள். "யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

அப்போது ஒரு விமானம் வந்தது.

சிவநேசனின் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. உதடுகள் இப்போது கத்தவில்லை. நிறுத்தி நிதானமாக, அவளுக்கென்றே பேசின.

'உனக்குத்தான் தெரியுது. எந் தங்கச்சிகிட்டச் சொல்லு. நான் யாரோடயும் போகலன்னு சொல்லு.'

சந்திரகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்புவதற்குள் கடைசி வார்த்தைகள் கண்ணில் பட்டுவிட்டன.

'பாத்துட்டுத் திரும்பிக்கிறியா?'

அன்றிலிருந்து அவள் தன்னைப் பழக்கிக்கொண்டாள். தூரத்தில் விமானச் சத்தம் எழும்போதே கண்களை மூடிக்கொள்வாள். கடந்த பிறகுதான் திறப்பாள். சிவநேசன் தூக்கம் கெட்டு, தாடி வளர்ந்து, வேலைக்குப் போவதை நிறுத்தினான். ஹாலின் மேற்கூரையில் மயிர் மாதிரி ஒரு விரிசல் கண்டது. கட்டடத்தோடு வாழ்ந்தவன் அல்லவா, அதன் கீழே நாற்காலியைப் போட்டு நாளெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மண்ணு எறங்குது," என்றான். நிறுவனத்து ஆட்கள் வந்து சிமென்ட் பூசிவிட்டு, புது வீடுன்னா அப்படித்தான் boss என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் பச்சைச் செம்பனை வாசனை மட்டும் போகவே இல்லை. எத்தனை சாம்பிராணி போட்டும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவன் ஹாலிலேயே கண்ணயர்ந்திருந்தான். சந்திரகலா எழுப்ப மனமில்லாமல், வாசல் கிரில்லை வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போனாள். திருட்டுப் பயத்தில் அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் பூட்டுவார்கள். கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கையசைத்தார். சந்திரகலா கேட்டைத் தள்ளி உள்ளே நுழைந்து, பைகளைக் கீழே வைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்தாள்.

தலைக்கு மேல் வானம் இரைந்தது.

நிமிர்ந்தாள். கிரில்லுக்கு அந்தப் பக்கம் சிவநேசன் நின்றிருந்தான். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

'கதவத் தொற. உள்ள இருக்கேன். கதவத் தொற.'

தாமரைதான் பேசுகிறாள், திறந்தால் வெளியே வந்துவிடுவாள் என்று சந்திரகலாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் கண்கள் எப்போதும்போலச் சுவரைப் பார்த்தனவா, வேறு எதையாவது பார்த்தனவா என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அந்த விமானம் கடப்பதற்கு வெகுநேரமானது. காலடியில் தரை ஒருமுறை அதிர்ந்தது. முகத்தில் சூடாக ஏதோ வந்து படிந்தது. அவள் கண்களை இன்னும் இறுக்கினாள்.

சத்தம் கடந்தது.

கண்ணைத் திறந்தபோது மாடி முழுவதும் ஹாலுக்குள் இறங்கியிருந்தது. கிரில் மட்டும் அப்படியே நின்றது. கம்பியைப் பிடித்தபடி நான்கு விரல்கள் தெரிந்தன. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் கேட்டபோது சந்திரகலா நன்றாகத்தான் பதில் சொன்னாள்.

"கேக்கல, சார். பிளேன் சத்தம்."

இடிபாடுகளை அள்ளிய நிறுவனம் அதற்குக் கீழே தோண்டவில்லை. அவசர அவசரமாகக் கான்கிரீட் ஊற்றி மூடி, அந்த மனையில் புல் போட்டு, ஒரு சிமென்ட் பெஞ்சும் வைத்தது. மாலையில் அங்கே நிழல் நன்றாக விழும். ஆனாலும் யாரும் உட்காருவதில்லை.

கருமாதிக் காரியங்கள் புதுநகரின் சமூக மண்டபத்தில் நடந்தன. ஐயர் போன பிறகு பெண்கள் ஒருபக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உஷாராணி வந்து சந்திரகலாவுக்கு நேரெதிரே அமர்ந்து, ஒரு வாய் காப்பியாவது குடி என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். விமானம் வந்தது. மண்டபமே பேச்சை நிறுத்தியது. சந்திரகலா கண்களை மூடிக்கொண்டாள்.

சத்தம் தேய்ந்து, மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். உஷாராணி பேசவில்லை. அவள் கையிலிருந்த காப்பி புடவையில் சிந்தியிருந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"கலா," என்று கிசுகிசுத்தாள். "இப்ப என்னடி சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொன்ன. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." உஷாராணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "'அவளப் பாத்துதான் கூப்புட்டேன். அது நான்தான்னு அவளுக்குத் தெரியும். சாவி அவ கையிலதான் இருந்துச்சு'ன்னு சொன்ன. ஆம்பள பேசுற மாதிரி பேசுன. யாருடி அவ?"

சந்திரகலா அவள் கையைப் பிடிக்கப் போனாள். உஷாராணி எழுந்து, அவளைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, மற்றப் பெண்களின் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடல் பக்கத்திலிருந்து அடுத்த விமானம் இறங்கி வரும் சத்தம் மெதுவாக எழுந்தது.

சந்திரகலா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைகளுக்கு அடியில் உதடுகள் அசையத் தொடங்கின.