குறுக்கே வந்தவர்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும். அந்த நாக்கை வைத்துத்தான் பிழைக்கிறேன். சும்மா சத்தியம் செய்ய மாட்டேன்.

விபத்து நஷ்டஈட்டு நீதிமன்றத்தில் நான் டவாலி. வழக்கு வந்ததும் வாசலில் நின்று மனுதாரரின் பெயரை மூன்று தடவை கூவுவேன். ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி.

அன்று வந்திருந்த அம்மாவின் கணவரையும் மகளையும் லாரி அடித்துவிட்டது. கடைக்கு நடந்து போனவர்கள், திரும்பவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வந்த வக்கீலை நாங்கள் 'குறுக்கே வக்கீல்' என்போம். செத்தவர் யாராக இருந்தாலும், வண்டிக்குக் குறுக்கே ஓடிவந்தார் என்று சாதிப்பார். ஒருமுறை மரத்தடியில் படுத்துக் கிடந்தவரையே ஓடவைத்தார்.

அந்த அம்மா தாழ்வாரத்து பெஞ்சிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னிக்கு முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்மா. லாரி டிரைவர் சாட்சி சொல்ல வந்திருக்கான்."

"என்ன சொல்லுவாரு?"

"வக்கீல் சொல்லிக்குடுத்ததைச் சொல்லுவான்."

"காசு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்ணே. பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு நடுரோட்டுல ஓடுற ஆளில்ல அவரு. அதை யாராச்சும் வாய்விட்டுச் சொல்லணும்."

வழக்கு வந்தது. பிசகு நடந்தது அப்போதுதான். எங்கள் சீட்டில் 'இன்னாரின் மனைவி இன்னார்' என்றுதான் எழுதுவார்கள். அவசரத்தில் என் கண் முதல் பெயரில் விழுந்தது.

செத்தவரின் பெயரை மூன்று தடவை கூவிவிட்டேன்.

அந்த அம்மா வெளிறிப்போய் எழுந்தார். "அண்ணே... யாரைக் கூப்பிட்டீங்க?"

மின்விசிறிகள் நின்றன. கரண்ட் போனதாக நினைக்க வேண்டாம். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. வெளியே உச்சி வெயில். ஆனாலும் தாழ்வாரத்தின் கோடியில் வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்து, சுவர் எது, கதவு எது என்று தெரியாமல் போயிற்று. அங்கிருந்து டயர் கருகிய வாடை வந்தது.

பிறகு சத்தம்.

சரக்... தப். சரக்... தப்.

ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலில் இல்லை.

அதன் கூடவே, ஓடி ஓடி ஈடுகொடுக்கிற சின்னக் கால்கள்.

என்னைத் தாண்டும்போது ஏதோ என் கையை உரசியது. சில்லென்ற குட்டி விரல்கள்.

கூப்பிட்டால் வருவதுதானே முறை? வழிவிட்டேன்.

உள்ளே டிரைவர் சாட்சிக் கூண்டில் ஏறியிருந்தான்.

"சொல்லுப்பா," என்றார் குறுக்கே வக்கீல். "அவங்க எப்படி வந்தாங்க?"

"குறுக்கே..."

கூண்டின் பலகை கிரீச்சிட்டது, இன்னும் யாரோ ஏறியதுபோல. டிரைவர் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான். அது கீழ்நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது.

"விடு பாப்பா," என்று முனகினான்.

பிறகு நீதிபதியைப் பார்த்துக் கத்தினான்.

"ஐயா, நடைபாதையிலதான் வந்தாங்க! நான்தான் கண்ணசந்துட்டேன். இவளைக் கையை விடச் சொல்லுங்கய்யா!"

குறுக்கே வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். வாய் திறந்தது, குரல் வரவில்லை. அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நீதிபதி முழு நஷ்டஈட்டுக்கும் உத்தரவிட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி எழுந்து போனார். அந்த அம்மா காலியான கூண்டின் அருகில் போய் நின்றார்.

"வீட்டுக்கு வரீங்களா?" என்று கேட்டார், மிக மெதுவாக.

அவர்கள் வர வழியில்லை. கூண்டில் ஏறியவரை நீதிபதி 'போகலாம்' என்று சொன்னால்தான் இறங்கலாம். இவர்களிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் காலையில் நான் கதவைத் திறக்கும்போது, கூண்டின் கட்டையில், என் இடுப்புக்கும் கீழே, ஈரமாய் நான்கு சின்ன விரல்களின் தடம் இருக்கும். துடைத்துவிட்டுத்தான் நாற்காலிகளை நகர்த்துவேன்.