சத்தம் புகாத அறை

காலை பத்து இருபது. பத்து மணிக்கு வரவேண்டியவன் அப்போதுதான் வந்தான்.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வேலை: ரயில் ஓட்டுநர். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் காதுப் பரிசோதனை.

"ரயில் ஓட்டுறவர் இருபது நிமிஷம் லேட்டா?"

"பஸ்ல வந்தேங்க," என்றான்.

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மருத்துவமனையின் இரண்டாவது மாடிக் கோடியில் அவளுக்கு இரண்டு அறைகள். வெளியறையில் அவளும் கருவியும். உள்ளறை ஆறடிக்கு ஆறடி. சுவரெல்லாம் பஞ்சு, கதவு ஒரு சாண் கனம். நடுவில் கண்ணாடி. கதவைச் சாத்தினால் உலகம் வெளியே நின்றுவிடும். உள்ளே உட்காருகிறவர் காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு காதுக்காரர்கள் என்று அப்பா கேலி செய்வார்.

கண்ணாடி வழியே அவன் கண்கள் தெரிந்தன. பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பழகாத கண்கள். அவளைத் தாண்டி, சுவரைத் தாண்டி, எங்கோ ஒரு கிலோமீட்டர் தூரத்தில்...

ஒரு சத்தம் அனுப்பினாள். அமுக்கினான். இன்னொன்று, மெலிதாக. அமுக்கினான். பிறகு ஒன்றும் அனுப்பாமல் இருந்து பார்த்தாள். அமுக்கினான். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அமுக்கினான்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "கேட்டா மட்டும் அமுக்குங்க."

"கேட்காம அமுக்கினேனா?"

முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே ஆச்சரியப்படுவது போலத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் முறையும் அதே கதை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் குத்துமதிப்பாக அமுக்குகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். தாளில் எழுதினாள்: முடிவை நம்ப இயலாது. திங்கட்கிழமை இரண்டு மணிக்கு மறுபரிசோதனை.

அவன் படித்தான். காது நுனி சிவந்தது.

"அதாவது, நான் பொய் சொல்றேன்."

"நம்ப முடியலைன்னுதான் எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு திங்கட்கிழமை இருக்கு."

கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான். அறைந்து சாத்திவிட்டுப் போகிற கோபத்தை அவள் மறந்துவிடுவாள். இந்தக் கோபம் அன்று முழுக்கக் கூடவே இருந்தது.

வீட்டில் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது.

அம்மாவுடன் ஆண்டவர் பேசுவார். ஏதோ ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை அல்ல. விலாவாரியாக. எந்தத் தெருவில் வீடு பார்ப்பது, அப்பாவுக்கு எந்தப் பல்லைப் பிடுங்குவது, திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று எல்லாவற்றுக்கும் விடிகாலை ஜெபத்தில் பதில் வந்துவிடும். பத்து நாட்களுக்கு முன் ஒரு வரன் வந்தது. கப்பல் கம்பெனியில் பொறியாளர். கடல் கடந்த ஊர். நல்ல குடும்பம், நல்ல முகம். மறுநாள் காலை அம்மா அடுப்பைப் பற்றவைத்தபடியே சொல்லிவிட்டாள், "ஆண்டவர் சரின்னுட்டார்."

இனி பெண் சரி என்று சொன்னால் போதும். அடுத்த வார ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்க வருகிறார்கள்.

அவளுக்கு வரனிடம் குறை தெரியவில்லை. அதுதான் சங்கடம். குறை இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. அம்மாவிடம் சொன்னதைத் தன்னிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இருபத்தெட்டு வயதில் ஒருமுறைகூட அந்தக் குரல் அவளுக்குக் கேட்டதில்லை. ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவளுக்குச் சொந்தக் காதில்தான் கோளாறோ என்று இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த ஊரில் அதைவிட அமைதியான இடம் கிடையாது. "ஆண்டவரே, போகவா, வேண்டாமா?" கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். நெஞ்சு அடிப்பது கேட்கும். எச்சில் விழுங்குவது கேட்கும். வேறொன்றும் கேட்காது.

திங்கட்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அப்பால் அவன் நின்றிருந்தான்.

இந்த முறை அந்தக் கண்கள் தூரத்தில் இல்லை.

தடுமாறி எழுந்து வெளியே வந்தாள். மணி ஒன்று நாற்பது. "ரெண்டு மணிக்குத்தானே உங்களுக்கு?"

"இன்னைக்கு நடந்து வந்தேன்."

இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் தூங்கிவிட்டீர்களா என்று கேட்டான். ஜெபம் செய்தேன் என்றாள். அவன் கேலி செய்யவில்லை.

"பதில் வந்துச்சா?"

மழை வந்ததா, தபால் வந்ததா என்பது போலக் கேட்டான். அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ எல்லாம் சொல்லிவிட்டாள். வரன், அம்மா, ஞாயிற்றுக்கிழமை... முன்பின் தெரியாத ஆளிடம் இத்தனை எதற்கு என்று நினைத்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு அவன் தன் கதையைச் சொன்னான். ரயில் எஞ்சினிலும் ஒரு பொத்தான் உண்டாம். ஓட்டுநர் விழித்திருக்கிறார் என்று வண்டிக்குத் தெரிய வேண்டும். குறித்த இடைவெளியில் அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வண்டி தானாக பிரேக் போட்டுக்கொள்ளும். பதினோரு வருடப் பழக்கம். கையில் பொத்தானைக் கொடுத்தால் கட்டைவிரல் அதன் பாட்டுக்கு வேலை பார்க்கிறது. அன்று வீட்டுக்குப் போய், ஒரு பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தி கேட்டானாம். செய்தி முடிவதற்குள் பேனா மூடி கழன்று விழுந்துவிட்டதாம்.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சுக்குங்க. நான் அவசரப்பட்டுட்டேன்."

"பரவால்ல. என் விரலை நானே நம்பல. நீங்க எப்படி நம்புவீங்க?"

பொத்தானை எடுத்து மேசைமேல் வைத்தாள். கேட்டால் கையைத் தூக்கினால் போதும் என்றாள்.

வலது காதில் குறையில்லை. இடது காதுக்கு மாறினாள். தாழ்ந்த சத்தங்களுக்குக் கை தூக்கினான். கீச்சென்ற மெல்லிய சத்தங்களுக்கு வந்தபோது கை முழங்கால்மேலேயே இருந்தது. சத்தத்தைக் கூட்டினாள். கை அசையவில்லை. இன்னும் கூட்டினாள். அவன் கண்கள் அவளையே பார்த்துக் காத்திருந்தன. 'கேட்கட்டும்... இவருக்கு இது கேட்டுவிடட்டும்.' தான் ஜெபிக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாட்களில் தன்னைப் பற்றி இல்லாத முதல் ஜெபம்.

எது எவ்வளவு கேட்டது என்று கோடாகக் காட்டும் படத்தை அவன் முன் வைத்தாள். கோடு நேராகப் போய்ச் சட்டென்று கீழே இறங்கியது.

"இந்த இறக்கத்துல பிரேக் போட்டே ஆகணும்," என்றான்.

அவனே தொடர்ந்தான். இரண்டு வருடமாக அவனுக்குச் சந்தேகம் இருந்ததாம். போன வருடப் பரிசோதனையில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லையாம்.

"நானும் ஆண்டவர்கிட்ட கேட்டேங்க. ஓட்டவா, விட்டுடவான்னு. ஒண்ணும் சொல்லல. சரின்னுட்டார்னு நானா எடுத்துக்கிட்டேன். தப்பு. எங்க விதிப் புத்தகத்துலயே இருக்கு. சிக்னல்ல விளக்கே எரியலைன்னா அதைப் பச்சைன்னு எடுத்துக்கக் கூடாது. சிவப்புதான். நின்னுடணும்."

அவள் பேனா தாளின்மேல் நின்றது. இதில் கையெழுத்துப் போட்டால் அவன் இனி எஞ்சினில் ஏற முடியாது. "ஜலதோஷம் இருந்தாக்கூட இப்படி வரும். அடுத்த வாரம் வேணா இன்னொரு தடவை..."

"ஜலதோஷம் இல்லைங்க. எழுதுங்க. எனக்குப் பின்னால எண்ணூறு பேர் உட்கார்ந்திருப்பாங்க."

எழுதினாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்தால் காதுக்கருவி பொருத்திவிடலாம் என்றாள். தலையாட்டினான். வாசலில் திரும்பினான்.

"உங்களுக்குப் பதில் வரும். வர்ற வரைக்கும் நில்லுங்க."

அன்று மாலை எழுத வேண்டிய மூன்று அறிக்கைகளைத் தப்பாக எழுதிக் கிழித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். வேண்டாம்.

அம்மா முதலில் கோபப்படவில்லை. அதிர்ந்தாள். "அப்ப அவர் என்கிட்ட சொன்னதை நீ நம்பலையா?"

"உன்கிட்ட சொன்னது உனக்கும்மா. அங்க போய்க் குடித்தனம் பண்ணப்போறது நான். என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லட்டும். அது வரைக்கும் நான் எங்கயும் போகல."

"காது கொடுத்துக் கேட்டாத்தானே கேட்கும்?"

அது தைத்தது. அப்பாதான் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தொலைபேசியில் சொன்னார். பணிவாக, சுருக்கமாக. அதற்கப்புறம் மூன்று நாள் அம்மா பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

மூன்றாம் நாள் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார், "எங்க கல்யாணத்துக்கு முன்னாடியும் உங்கம்மாகிட்ட ஆண்டவர் பேசினார் பாப்பா. மாப்பிள்ளை நல்ல உயரம்னு சொன்னாராம்."

அப்பா அம்மாவின் தோளுக்குச் சற்று மேலே இருப்பார். சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. தொடர்ந்து அம்மா அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம்.

மறுநாள் மதியம் உள்ளறையில் உட்கார்ந்தபோது அவள் எதையும் கேட்கவில்லை. இத்தனை நாளும் காது கொடுப்பதாக நினைத்துக்கொண்டு தானே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. அம்மா சொன்னதில் அவ்வளவு உண்மை இருந்தது. "எனக்குன்னு என்ன வெச்சிருக்கீங்கன்னு தெரியல," என்றாள். "வெச்சிருக்கீங்கன்னு தெரியும்." அத்துடன் வாயை மூடிக்கொண்டாள்.

குரல் வரவில்லை. ஆனால் நெஞ்சில் கல்லாகக் கிடந்த பயத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கே இல்லை. எப்போது எழுந்து போனது என்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு முகம் இருந்தது. ஆண்டவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இது என்ன நினைப்பு என்று தன்னையே அதட்டினாள். முகம் போகவில்லை. அவளுக்கும் அதை அனுப்ப மனமில்லை.

வியாழக்கிழமை அவன் வரவில்லை.

ஐந்து மணி வரை பார்த்தாள். மேசைமேல் சின்னப் பெட்டியில் காதுக்கருவி. வேலையைப் பறித்தவள் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சரி, ரோஷக்காரர். அவளுக்கும் ரோஷம் உண்டு. வராதவனைத் தேடிப் போக அவளுக்கென்ன தலையெழுத்தா? வெள்ளிக்கிழமை மதியம் வரை அந்த ரோஷம் தாங்கியது. பிறகு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ரயில் நிலையத்தின் பின்புறம், தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவர் முழுக்கப் பலகை. அதில் ஓட்டுநர்களின் பெயர் எழுதிய அட்டைகள். எந்த வண்டியை யார் எடுப்பது என்று அட்டைகளை மாற்றி மாற்றிச் செருகுவதுதான் இப்போது அவன் வேலை. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த அட்டையை எங்கே செருகுவது என்று தெரியாமல் நின்றான்.

"நேத்து வரலை," என்றாள்.

"வேலை."

"அட்டை செருகுற வேலை."

"ஆமா. இதுல ஒரு வசதி. எந்த வண்டியும் லேட் ஆகாது."

குரலில் கசப்பு இருந்தது. மறைக்கவும் பார்த்தான். இங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். முதல் நாள் ஜன்னல் வழியே தன் வண்டி இன்னொருவர் கையில் போவதைப் பார்த்ததாகச் சொன்னான். இரண்டாம் நாள் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், உடம்புக்கு முடியாத மனைவியை வைத்திருந்த ஒரு கிழட்டு ஓட்டுநருக்குப் பகல் வண்டியாக மாற்றிக்கொடுத்தானாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். "எதுக்கு இங்க கொண்டுவந்து உட்கார வெச்சார்னு இன்னும் முழுசாத் தெரியல. கொஞ்சம் தெரியுது."

அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். இடது காதுக்குப் பின்னால் கருவியைப் பொருத்தினாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் காதைத் தொடும் விரல்கள். அன்று மட்டும் அவை இரண்டு முறை பொருத்த வேண்டியிருந்தது. அவன் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தான்.

வெளியே வெகுநேரமாகவே மழை. கருவியைத் திருகினாள்.

அவன் கண்கள் விரிந்தன. மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

"யாரோ காகிதம் கசக்குறாங்க..."

"மழைங்க."

"மழை தெரியும். இவ்வளவு துளியாவா பெய்யுது?"

கொஞ்ச நேரம் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தகரத்தில் விழுவது, ஜன்னல் விளிம்பில் விழுவது, நிற்கும் பெட்டிகளின்மேல் தூரத்தில் விழுவது... ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவனுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

"நேத்து ஏன் வரலைன்னு கேட்கலையே," என்றான்.

"ரோஷம்."

"இல்ல. வந்தா இதை மாட்டி அனுப்பிடுவீங்க. அப்புறம் உங்களைப் பார்க்க வர்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் இருக்காது."

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அவன் பார்வையை விலக்கவில்லை. ஆனால் குரல் தாழ்ந்தது. கப்பல்காரர் வீட்டுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டதைச் சொன்னாள். அவனுக்காக அல்ல என்றும் சொன்னாள். அது நிஜம். இன்று வந்தது மட்டும் அவனுக்காக என்றாள். அதுவும் நிஜம்.

"அப்ப... பதில் வந்துடுச்சா?"

"குரல் எதுவும் வரலைங்க. பயம் போயிடுச்சு. அதையே பதில்னு எடுத்துக்கிட்டேன்."

அவன் எழுந்து நின்றான். மேசையிலிருந்த ஒரு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளுக்குத்தான் இனி வெட்கப்பட நேரமில்லை.

"எங்கம்மாகிட்ட ஆண்டவர் எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிடுவார்," என்றாள். "உங்களைப் பத்தி மட்டும் இன்னும் ஒண்ணும் சொல்லலை போல... நீங்க வந்து சொல்றீங்களா?"